சர்ச் கல்லறை இடம் நமக்கே சொந்தமா? உண்மை என்னன்னா

இங்கிலாந்துல பாரிஷ் (ஒரு சர்ச்சோட எல்லைக்குள்ள வர்ற ஊர்ப்பகுதி) சர்ச் கல்லறைத் தோட்டத்துல காசு கட்டி அடக்கம் பண்ணிட்டா அந்த மண்ணு பரம்பரைக்கும் குடும்பத்துக்கே சொந்தம், வேற யாருக்கும் விக்கக்கூட செய்யலாம்னு ஒரு ஃபார்வேர்டு சுத்துது. தப்புங்க.

ஆங்கிலிக்கன் சர்ச்சோட (இங்கிலாந்தோட அதிகாரப்பூர்வ சர்ச்) தோட்டம்னா நிலம் சர்ச் பக்கம்தான், நீங்க கட்டுறது அடக்கத்துக்கான கட்டணம், நில விலை இல்ல. ஆனா அந்த பாரிஷ்ல குடியிருக்கவங்களுக்கு, அங்க இறந்தவங்களுக்கு, சர்ச் எலெக்டோரல் ரோல்ல (அந்த சர்ச்சோட உறுப்பினர் பட்டியல்) பேர் இருக்கவங்களுக்கு எல்லாம் அடக்க உரிமை உண்டு, இடம் இருந்து தோட்டத்த மூடாம இருந்தா போதும், குடியிருக்கவர் எந்த மதம்னு கூட பாக்க முடியாது (இது பலருக்குத் தெரியாது, 1880 சட்டத்துக்கப்புறம் ஆங்கிலிக்கன் சடங்கு இல்லாமலும் புதைக்கலாம்). எந்த மூலைன்னு முடிவு பண்றது பாதிரியார். குறிப்பிட்ட இடம்தான் வேணும்னா உயிரோட இருக்கும்போதே சர்ச் கோர்ட்ல ஃபாகல்டின்னு ஒரு அனுமதி வாங்கணும், பாதிரியார் வாய்வார்த்தையா "சரி"ன்னா செல்லாது, இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க.

கல்லறை மேல வைக்கிற நினைவுக்கல்லு மட்டும் வேற கதை, வச்சவங்களுக்கு சொந்தம், அவங்க காலத்துக்குப் பிறகு யாருக்காக வச்சாங்களோ அவரோட வாரிசுக்கு. அதுக்காக இஷ்டத்துக்கு கிரானைட் வைக்க முடியாது, அதுக்கும் அனுமதி.

அந்த ஃபார்வேர்டு எழுதினவர் கவுன்சில் (உள்ளாட்சி) கல்லறையோட குழப்பிக்கிட்டார்னு நினைக்கிறேன். அங்க அந்த இடத்துல அடக்கம் பண்ற தனி உரிமைக்குப் பத்திரம் குடுப்பாங்க, அதுவும் அதிகபட்சம் ஒரு தடவைக்கு 100 வருஷம், அப்பவும் மண்ணு கவுன்சிலோடதுதான்.