எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தீர்கள்?

இராணுவத்தில் 17 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், தொலைநிலைக் கல்வி மையம் ஒன்றின் வார இறுதி வகுப்புகளில் என்னிடம் கணக்குப்பதிவியல் படித்தார். வேலைக்கான விண்ணப்பத்தில் தம் கடைசிப் பொறுப்பை ‘கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார்’ என்று குறிப்பிட்டிருந்தார். நேர்முகத் தேர்வில் அதைப் படித்த இளைஞர், “எந்தக் கம்பெனி?” என்று கேட்டிருக்கிறார். தரைப்படையில் கம்பெனி என்பது நூறு பேருக்கு மேற்பட்ட ஒரு பிரிவு என்பதையும், அந்தப் பிரிவின் சீருடை, போர்வை, கூடாரம், சமையல் பாத்திரம் வரை அத்தனைக்கும் கணக்கு வைத்துப் பதில் சொல்ல வேண்டியவர் தாம்தான் என்பதையும் இவர் விளக்கி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை; அதற்கு முந்தைய வாரம் நானும் ஏறக்குறைய அதே தவற்றைச் செய்திருந்தேன்.

அன்று சரக்கிருப்பு மதிப்பீடு பற்றிய பாடம். முதலில் வந்த சரக்கை முதலில் வெளியேற்றும் முறையைக் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கிவிட்டு, அவரைப் பார்த்துப் புரிகிறதா என்று கேட்டேன். வகுப்பில் மூத்தவர், பள்ளியை விட்டு 20 ஆண்டுகள் ஆனவர், ஆகவே அவருக்குத்தான் சிரமமாக இருக்கும் என்பது என் நினைப்பு. அவர் எழுந்து நின்று, “சார், பழைய டயர் இருக்கும்போது புது டயரைக் கொடுத்துவிட்டால் அடுத்த தணிக்கையில் மாட்டிக்கொள்வோம்” என்றார். நான் கட்டம் போட்டுக் காட்டியதை அவர் ஆண்டுக்கணக்கில் லெட்ஜரில் செய்திருக்கிறார். பாடநூல் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான் அவருக்குப் புதிது.

முன்னாள் படைவீரர் என்றதும் நம்மில் பலர் ஒழுக்கம், நேரந்தவறாமை, நாட்டுப்பற்று என்று மூன்று சொற்களைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். இந்தப் பாராட்டில் எனக்கு நெடுநாளாகவே ஒரு சந்தேகம் உண்டு. ஒருவருக்கு ஒழுக்கமும் நேரந்தவறாமையும் மட்டுமே தகுதி என்று வைத்துக்கொண்டால், அவருக்குப் பொருத்தமான வேலை வாயிற்காவல்தான் என்ற முடிவுக்கு நாம் தானாகவே வந்துவிடுகிறோம். காவலாளி வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. ரேடியோவைப் பிரித்துப் பழுது பார்க்கத் தெரிந்தவரும், காயம்பட்டவருக்கு முதல் பத்து நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்தவரும், நூறு பேருக்கான பொருட்களை ஆண்டு முழுவதும் கணக்குப் பிசகாமல் பார்த்துக்கொண்டவரும் ஒரே வாயிலில் ஒரே நாற்காலியில் உட்கார வைக்கப்படுவதைத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

கேட்ட நாடு ஒன்று உண்டு. அதுவும் நல்லெண்ணத்தால் மட்டும் கேட்கவில்லை. முதல் உலகப் போரில் பங்கேற்ற அமெரிக்க வீரர்கள் தங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட ஊக்கத்தொகையை உடனே தரக் கோரி 1932-இல் வாஷிங்டனில் முகாமிட்டபோது, இராணுவத்தை அனுப்பியே அவர்களை விரட்டினார்கள். அந்த அவமானமும், இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கானோர் வேலை தேடி வந்து நிற்பார்களே என்ற அச்சமும் சேர்ந்துதான், அதிபர் ரூஸ்வெல்ட் 1944 ஜூன் 22 அன்று கையெழுத்திட்ட, படைவீரர்களின் மறுவாழ்வுக்கான ‘ஜி.ஐ. பில்’ சட்டத்துக்கு வழிவகுத்தன. ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம், குடும்பம் இல்லாதவருக்கு மாதம் 50 டாலர் வாழ்க்கைப்படி என்று அது தொடங்கியது. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹட்சின்ஸ், கல்லூரிகள் நாடோடிகளின் முகாம்களாகிவிடும் என்ற பொருளில் எழுதினார். ஹார்வர்டின் தலைவர் கோனன்ட், தகுதி குறைந்தவர்கள் வந்து குவிவார்களே என்று கவலைப்பட்டார். 1947-இல் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் 49 சதவீதம் பேர் முன்னாள் வீரர்களாக இருந்தார்கள். அவர்களுடைய படிப்பைப் பார்த்த கோனன்ட் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய சுமார் 1.6 கோடிப் பேரில் 78 இலட்சம் பேர் அந்தச் சட்டத்தின்கீழ் ஏதோவொரு படிப்போ பயிற்சியோ பெற்றார்கள்; கல்லூரிக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ 22 இலட்சம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே காலத்தில் சத்தமில்லாமல் நடந்த வேறொரு வேலை. அமெரிக்கக் கல்விக் குழுமம், இராணுவத்தின் ஒவ்வொரு பயிற்சியையும் தனித்தனியாக ஆராய்ந்து, இந்தப் பயிற்சி கல்லூரியின் இன்ன பாடத்தில் இத்தனை கிரெடிட்டுக்கு (பட்டத்துக்குச் சேர்க்கும் பாட அலகுக்கு) இணையானது என்று 1940-களிலேயே மதிப்பிடத் தொடங்கியது. அந்த வேலை இன்றும் தொடர்கிறது. பள்ளிப்படிப்பை முடிக்காமல் படையில் சேர்ந்தவர்களுக்காக 1942-இல் அதே குழுமம் உருவாக்கியதுதான் பள்ளி இறுதித் தேர்ச்சிக்கு இணையான ஜி.இ.டி. தேர்வு. வீரர்களுக்காகத் திறந்த அந்தக் கதவின் வழியாகப் பின்னாளில் பள்ளியை இடையில் விட்ட எத்தனையோ சாதாரண மக்களும் உள்ளே வந்தார்கள்.

ஜி.ஐ. பில் சட்டத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. நிறவெறி கோலோச்சிய தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு அந்த உரிமை பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுபோனது. பிற்காலத்தில் இலாப நோக்குள்ள கல்லூரிகள் ஒரு சந்தையைக் கண்டுபிடித்தன. அத்தகைய கல்லூரியின் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசின் மாணவர் உதவித்தொகையாக இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் முன்னாள் வீரர்களுக்கு வரும் பணம் அந்தக் கணக்கில் சேராமல் இருந்தது. ஆகவே ஒவ்வொரு வீரரும் மீதமுள்ள 10 சதவீதத்தை நிரப்பித் தரும் ஆளாகத் தெரிந்தார்; விளம்பரங்களும் தொலைபேசி அழைப்புகளும் அவரைத் துரத்தின; கடைசியில் அவர் கையில் எந்த நிறுவனமும் மதிக்காத ஒரு பட்டம் மிஞ்சியது. இந்த ஓட்டையை அடைக்கும் சட்டம் 2021-இல்தான் வந்தது. கையில் மொத்தமாகப் பணத்தோடு படையிலிருந்து வெளியே வருபவருக்கு வலை விரிப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருப்பார்கள்.

இனி இந்தியாவுக்கு வருகிறேன். இங்கே ஜவான் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்துவிட்டுப் படையில் சேர்ந்து, பெரும்பாலும் முப்பதுகளின் பிற்பகுதியில் ஓய்வு பெறுகிறார். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயதில் ஓய்வு என்ற சொல்லே ஒரு கேலி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 15 ஆண்டுப் பணியும் உள்ள முன்னாள் வீரரை, தொழில்நுட்பத் தகுதி தேவைப்படாத ‘சி’ பிரிவு மத்திய அரசுப் பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதலாம் என்று ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. அதன் நோக்கம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த ஏற்பாட்டின்படி கிடைக்கும் சான்றிதழால் வங்கி எழுத்தராகவும் அலுவலக உதவியாளராகவும் ஆனவர்களுடைய வீடுகளில் அடுப்பு எரிகிறது.

ஆனால் அதைப் படிப்பு என்று நாம் அழைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. லெட்ஜர் எழுதியவருக்கும், வண்டி ஓட்டியவருக்கும், மருத்துவ உதவியாளராக இருந்தவருக்கும், சமைத்தவருக்கும் அதே சான்றிதழ்தான். 15 ஆண்டுகளைக் கூட்டிப் பட்டம் என்று எழுதிக் கொடுக்கும் அந்தக் காகிதம், அந்த 15 ஆண்டுகளில் அவர் என்ன கற்றார் என்பதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. அரசு அலுவலகத்தின் வாயிலைத் தாண்டியதும் அதன் செல்வாக்கு குறைந்துவிடுகிறது. அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று முதலாண்டுப் பாடத்தில் உட்கார வைத்தாலும், அவருக்கு எல்லாம் தெரியும் என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினாலும், இரண்டுமே அவரை விசாரிக்காமல் எடுத்த முடிவுகள்தான்.

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. நான்கு ஆண்டுகள் பணி. முடிவில் அதிகபட்சமாக 25 சதவீதம் பேர் மட்டுமே நிரந்தரப் பணியில் சேர்க்கப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 இலட்சம் ரூபாய் ‘சேவா நிதி’ என்ற மொத்தத் தொகையுடன், ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறுவார்கள். இருபதுகளில் இருக்கும் அவர்களுக்குப் படிப்பு இரண்டாம் இன்னிங்ஸ் இல்லை, முதல் இன்னிங்ஸே இனிமேல்தான். அவர்களுக்கென்று இக்னோ பல்கலைக்கழகம் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு ஒன்றை வகுத்திருக்கிறது. அதில் பாதி கிரெடிட் பணிக்காலப் பயிற்சிக்கு, மீதி பாடங்களுக்கு. இது சரியான திசை என்றே நினைக்கிறேன். அந்தப் பாதி எல்லோருக்கும் ஒரே பாதியாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ராடார் பார்த்தவரின் பாதி மின்னணுவியலாகவும், பண்டகசாலையில் இருந்தவரின் பாதி சரக்கு மேலாண்மையாகவும் மதிப்பெண் பட்டியலில் எழுதப்பட்டிருந்தால், அதைப் பார்க்கும் மனிதவள அதிகாரிக்கு “எந்தக் கம்பெனி?” என்று கேட்கும் தேவை வராது.

மீதிப் பாதியை அவர்கள் உண்மையிலேயே வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதையும் அதே அழுத்தத்துடன் சொல்வேன். இதில் நண்பர்கள் சிலர் என்னோடு உடன்படுவதில்லை. உழைத்து வந்தவர்களை எதற்குத் தேர்வு, ஒப்படைப்பு என்று அலைக்கழிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொன்னது என் மாணவரின் விடைத்தாள்தான். முதல் பருவத் தேர்வுக்கு முன் நான் வைத்த மாதிரித் தேர்வில், ‘விவாதிக்க’ என்று முடியும் பத்து மதிப்பெண் கேள்விக்கு அவர் 1, 2, 3, 4 என்று எண் போட்டு நான்கு வரி எழுதியிருந்தார். நான்கும் சரி. நான் நான்கு மதிப்பெண் போட்டேன். “கேட்டதற்குப் பதில் வந்துவிட்டதே சார், இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?” என்றார். நீட்டி எழுதினால் மதிப்பெண் கொடுக்கும் நம் தேர்வு முறையின் மீது அவர் வைத்த விமரிசனம் அது என்றே முதலில் எடுத்துக்கொண்டேன்; அதில் உண்மையும் உண்டு.

ஆனால் மூன்றாம் பருவத்தில் அவரே ஒரு விவாதத்தைத் தொடங்கினார். இருப்பில் உள்ள சரக்கை வாங்கிய விலைக்கே மதிப்பிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது கையை உயர்த்தி, பத்து ஆண்டுகளாக மூட்டையில் கிடந்து பூச்சி அரித்த போர்வையை யாரும் அந்த விலைக்கு வாங்கமாட்டார்களே, பிறகு அந்த எண் யாருக்காக என்று கேட்டார். அடக்க விலை, விற்றால் கிடைக்கும் நிகர விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே எடுக்க வேண்டும் என்பது கணக்கியல் தரநிலை. அடுத்த வகுப்பில் நான் நடத்தவிருந்த பாடம். அவர் அந்த விதிக்குப் பக்கத்தில் தாமாகவே வந்து நின்றுவிட்டார். பண்டகசாலையில் இருந்தபோது இந்தக் கேள்வி தோன்றவில்லையா என்று கேட்டேன். தோன்றியிருக்கும், ஆனால் கேட்பதற்கு அங்கே இடமில்லை என்றார். அந்த இடத்தை, பட்டத்துக்கு இணை என்று கொடுக்கும் எந்தச் சான்றிதழும் அவருக்குத் தந்திருக்க முடியாது.

பட்டம் முடியும் தறுவாயில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து அவருடைய விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினோம். நூறு பேருக்கு மேற்பட்ட அலகுக்கான சரக்கிருப்பு, வழங்கல் பதிவேடு, பயன்பாட்டுக்கு உதவாத பொருட்களைக் கழிக்கும் நடைமுறை, ஆண்டுத் தணிக்கை என்று ஒவ்வொன்றாக வந்தன. மேலே இருந்த பதவிப் பெயரை எடுத்துவிட்டுப் ‘பண்டகக் கணக்காளர்’ என்று போடலாம் என்று நான் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது இருக்கட்டும் சார், கீழே விளக்கம் போட்டுக்கொள்ளலாம்” என்றார். கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் என்பது அப்படியே இருந்தது. கம்பெனி என்றால் என்ன என்று அடுத்த வரியில் எழுதினோம்.