ஹேண்டில் போகும், டேபிள் போகாது

ஓர் உருட்டு அரம். பத்தே நிமிடம். நான் மூன்று நாள் மல்லுக்கட்டிய பிளேட்டில் ஆறாவது ஓட்டையை மட்டும் நீளவாக்கில் ராவி, போல்ட்டைச் சொருகி, "அவ்ளோதான் தம்பி, இதுக்கா மூணு நாளு?" என்று கேட்டுவிட்டு, சாக்கில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டு ஏற்காடு மலை ஏறிவிட்டார் எஸ்டேட் மேஸ்திரி அண்ணன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போயிருப்பார்.

காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் மெஷினுக்குப் பக்கவாட்டு மூடி. 210 மில்லிமீட்டர் வட்டத்தில் சம இடைவெளியில் ஏழு ஓட்டை. ஏழு! ஆறு என்றால் காம்பஸை ஆரத்துக்கு விரித்து வரிசையாக ஆறு குத்து, வேலை முடிந்தது. எட்டு என்றால் பாதி பாதியாகப் பிரிக்கலாம். ஏழு என்பதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தாரே, அதோடு விட்டிருக்கலாம், பின்னாலேயே ஏழு போல்ட் மெஷினுமா வர வேண்டும்? பழைய மூடியை மேலே வைத்துக் குத்த வேண்டியதுதானே என்று கேட்க வருகிறவர்கள் உட்காருங்கள். பழசு உடைந்து பாதிதான் வந்தது.

சரி, அதற்குத்தான் ரோட்டரி டேபிள் இருக்கிறதே, மேலே பிளேட்டைக் கட்டி ஹேண்டிலைச் சுற்றினால் டிகிரிக் கணக்கில் திரும்புகிற வட்ட மேஜை. பழைய இரும்புக்கடையில் வாங்கிய பத்து இன்ச் டேபிள். "பழைய காலத்து சாமான் தம்பி, இப்ப இதெல்லாம் வருமா" என்று சொல்லி என் தலையில் கட்டியவர், அதற்கு முதல் நாள்தான் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார். டயல் கோட்டின் மேல், டிகிரியை நுணுக்கமாகப் படிக்கிற வெர்னியர் மேல், எண்ணெய் விடும் ஓட்டையின் மேல், எல்லாவற்றின் மேலும் பச்சை. ஒரு நாள் முழுக்கத் தின்னர் போட்டுத் துடைத்த பிறகுதான் பூஜ்யம் எங்கே இருக்கிறதென்றே தெரிந்தது.

உள்ளே வார்ம், அதாவது ஹேண்டிலோடு சுற்றி டேபிளின் பல் வீலைத் தள்ளுகிற திருகு, எத்தனைக்கு ஒன்று என்று கடைக்காரருக்குத் தெரியாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும், டேபிள் ஒரு முழு வட்டம் வர ஹேண்டில் எத்தனை சுற்று என்று. அறுபத்து மூன்றாவது சுற்றில் பக்கத்துத் தெரு அக்கா வாசலில் வந்து நின்று, "கிரைண்டருக்கு புஷ் போட்டுத் தருவீங்களா?" என்றார். தருகிறேன் என்றேன். எண்ணிக்கை போச்சு. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் 90 வந்தது, அதாவது ஒரு சுற்றுக்கு 4 டிகிரி. 360ஐ ஏழால் வகுத்தால் 51 டிகிரி 25 மினிட் 43 செகண்ட் (டிகிரியை அறுபதாகப் பிரித்தால் மினிட், மினிட்டை அறுபதாகப் பிரித்தால் செகண்ட்). என் டயலில் செகண்ட் கிடையாது, மினிட்டே கண்ணாடி போட்டால்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் 51ஐக் கூட்டிக்கொண்டே போனால் பிசகு சேர்ந்துகொண்டே போகும் என்று, ஏழு கோணத்தையும் பூஜ்யத்திலிருந்து கணக்குப் போட்டு சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். டிரில் மாட்டுகிற ஸ்பிண்டிலில், மையம் விலகுகிறதா என்று முள்ளில் காட்டுகிற டயல் கேஜைக் கட்டி டேபிளின் நடு ஓட்டையை சென்டர் பண்ணி, அப்புறம் பிளேட்டைத் தட்டித் தட்டி சென்டர் பண்ணி, ரெண்டு மணி நேரம். இதெல்லாம் ஒருத்தர் கண்ணிலாவது படுகிறதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லூஸ். ஹேண்டிலைத் திருப்பினால் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக, சும்மா காற்றில் போகிறது. ஹேண்டில் போகும், டயல் போகும், டேபிள் மட்டும் சிவனே என்று உட்கார்ந்திருக்கும். இதைச் சரிபண்ண வழி இருக்கிறது. வார்ம் உட்கார்ந்திருக்கிற குழல் மையம் விலகினாற்போல் கடைந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்திக் குழலைத் திருப்பினால் வார்ம், வீலின் பல்லை நெருங்கி லூஸ் போய்விடும். போனது. அரை வட்டம் வெண்ணெய் மாதிரி ஓடியது. மீதி அரை வட்டத்தில் ஹேண்டிலே திரும்பவில்லை, கடித்துக்கொண்டது. ஏன் தெரியுமா? இதை முன்னால் வைத்திருந்த மகராசன் வருஷக்கணக்காக வீலின் ஒரே பக்கத்தில் ஒரே வேலையைப் பார்த்திருக்கிறான், அந்தப் பக்கத்துப் பல் மட்டும் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த பக்கத்துக்கு இறுக்கினால் தேயாத பக்கம் கடிக்கும், தேயாத பக்கத்துக்குத் தளர்த்தினால் தேய்ந்த பக்கம் ஆடும். குடும்பத்தில் பஞ்சாயத்துப் பண்ணுகிற மாதிரி.

தளர்த்தியே வைத்தேன். ஒரே பக்கமாகச் சுற்றி வந்து நிறுத்தினால் லூஸ் ஒன்றும் பண்ணாது, தெரியும். தாண்டிவிட்டால் அரைச் சுற்றுக்கு மேல் பின்னால் போய்த் திரும்ப முன்னால் வந்து லாக் பண்ண வேண்டும், அதுவும் தெரியும், எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம். ஐந்து ஓட்டை அப்படித்தான் போட்டேன். ஆறாவது, 257 டிகிரி 9 மினிட். 64 சுற்று முடிந்து இன்னும் ஒரு டிகிரி சொச்சம். 64 என்று வாய்க்குள் சொல்லும்போது வாசலில் அதே அக்கா. "தம்பி, புஷ்?"

திரும்பிப் பார்த்தேன். கை நிற்கவில்லை. கோட்டைக் கால் சுற்று தாண்டிவிட்டது. "நாளைக்குக்கா" என்று சொல்லிக்கொண்டே ஹேண்டிலைக் கோடு வரைக்கும் பின்னால் இழுத்தேன், டயல் கச்சிதமாக நின்றது, லாக் பண்ணி டிரில்லை இறக்கினேன். டயல்தான் வந்தது. டேபிள் வரவில்லை. 0.8 டிகிரி தள்ளியே நின்றிருக்கிறது, அந்த வட்டத்தில் அது ஒன்றரை மில்லிமீட்டர். 10 மில்லி போல்ட்டுக்கு 11 மில்லி ஓட்டை, எப்படி நுழையும்? ஏழாவது ஓட்டைக்கு நல்ல பிள்ளையாக முன்பக்கமாகவே வந்ததால் அது கரெக்டாக இருக்கிறது, அதுதான் இன்னும் எரிச்சல். மொத்தமும் கெட்டிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மேஸ்திரி கொண்டுவந்த, மூடி உட்காருகிற வளையத்தின் மேல் வைத்தோம். ஒன்று நுழைந்தது, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அப்புறம் ஏழு. அவர் ஆறைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவரில் நான் எழுதி வைத்திருந்த 257 டிகிரி 9 மினிட்டைப் பார்த்தார். பையிலிருந்து அரத்தை எடுத்தார். பையிலேயே வைத்திருக்கிறார் ஐயா, என் வேலை மேல் அவ்வளவு நம்பிக்கை!

சிரிப்புதான் வந்தது. அக்காவின் புஷ்ஷை லேத்தில் ஐந்து நிமிடத்தில் கடைந்து கொடுத்தேன், தொல்லை விட்டது. பசிக்கிறதே என்று ஒரு தட்டுவடை செட் வாங்கினால் உள்ளே வெறும் கேரட், பீட்ரூட்டைக் காணோம். எங்கே என்று கேட்டால் "தீந்துபோச்சுங்க" என்கிறார், சாயங்காலம் அஞ்சு மணிக்கு. சேலத்தில், சாயங்காலம் அஞ்சு மணிக்கு!