அந்தக் கறுப்புப் பட்டையை விட்டுத் தொலைங்கய்யா

எங்கள் வீட்டு டிவி ரிப்பேர் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இரண்டு வருஷத்தில் வீட்டுக்கு வந்த ஆள் ஒருத்தர் விடாமல் "ரெண்டு பக்கமும் ஏன் கறுப்பா தெரியுது?" என்று கேட்டாயிற்று. கேபிள்காரர் கேட்டார். மாடி வீட்டு அண்ணன் கேட்டார். தண்ணி கேன் போட வந்த பையன், கேனைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே கேட்டான். அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா மட்டும் கேட்பதோடு நிற்கமாட்டார், நேராக ரிமோட்டை எடுத்து, கறுப்பு மறைகிற அளவுக்குப் படத்தைப் பெரிசாக்குகிற ஜூமைப் போட்டுவிடுவார்.

தர்மபுரியில் இருந்துகொண்டு உலகப் படத்தைப் பெரிய திரையில் பார்க்க ஆசைப்பட்டால் பெங்களூருக்கு ரயில் ஏறவேண்டும், இல்லையென்றால் டிசம்பரில் லீவு போட்டுவிட்டுச் சென்னைத் திரைப்பட விழாவுக்கு ஓடவேண்டும். எப்படிப் பார்த்தாலும் வருஷத்துக்கு நாலு நாள். மீதி 361 நாளும் எனக்கு இந்த 55 இன்ச்தான். அதையாவது நிம்மதியாகப் பார்க்க விடுகிறார்களா?

போன தை மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். 'டோக்கியோ ஸ்டோரி' ஓடுகிறது. 1953-ல் ஜப்பான் டைரக்டர் ஓசு எடுத்தது. வயசான அப்பாவும் அம்மாவும் டோக்கியோவில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை, அவ்வளவுதான் கதை. எங்கள் அம்மாவுக்கு சப்டைட்டில் படிக்க வராது. ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டே (அன்றைக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு) சும்மா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் பிள்ளைகள் காசு போட்டு அப்பா அம்மாவை அட்டாமி என்கிற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், தொல்லை விட்டது என்று. அங்கே ராத்திரி பூரா கூச்சல், தூக்கமில்லை. மறுநாள் காலையில் இரண்டு பேரும் கடலோரத் தடுப்புச் சுவர்மேல் உட்கார்ந்து, ஊருக்கே போய்விடலாமா என்று பேசிக்கொள்வார்கள். எழுந்திருக்கும்போது அந்தக் கிழவிக்கு ஒரு தள்ளாட்டம் வரும். கொஞ்ச நேரம்தான், சமாளித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அம்மாவின் கை மொச்சையில் அப்படியே நின்றது. "இது ரொம்ப நாள் தாங்காதுடா" என்றார். ஒரு வார்த்தை புரியாமல் பார்த்தவர்!

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா உள்ளே வந்தார். "என்ன மாப்ளே, இவ்ளோ பெரிய டிவிய வாங்கிட்டுப் படத்த நடுவுல கட்டம் கட்டி வெச்சிருக்கீங்க?" ரிமோட். ஜூம். அடுத்த காட்சியில் நிற்கிற ஆளுக்குத் தலை இல்லை, சப்டைட்டிலில் பாதி வரி இல்லை. மாமா திருப்தியாக சோபாவில் சாய்ந்துகொண்டார். வீட்டு மாப்பிள்ளை, என்னத்தைச் சொல்வது? அம்மா மொச்சையை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

கணக்கு ரொம்பச் சின்னதுதான். அந்தக் காலத்துப் படம் அகலம் நாலுக்கு உயரம் மூணு என்கிற அளவில் எடுத்தது. இப்போதைய டிவி பதினாறுக்கு ஒன்பது. ஜூம் போட்டால் மேலேயும் கீழேயுமாகப் படத்தில் கால்வாசி காலி. ஓசு கேமராவைத் தரையில் பாய்போட்டு உட்கார்ந்தவனின் பார்வைக்கு இறக்கி வைத்து, டீ கோப்பை எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்றுகூடப் பார்த்துப் பார்த்து நகர்த்தி வைத்த ஆள். அந்த ஆளுடைய படத்தில் கால்வாசியை வெட்ட நமக்கு ஒரு பட்டன் போதுகிறது. அகலப் படம் மட்டும் தப்பிக்குமா, சினிமாஸ்கோப்பை ஜூம் போட்டால் இரண்டு ஓரத்திலும் சேர்த்து அதே கால்வாசி போய்விடும்.

ஜூமாவது பரவாயில்லை, இழுப்பு என்று ஒன்று இருக்கிறதே! பழைய தமிழ்ப் படத்தை டிவியில் போடும்போது பாருங்கள், நாலுக்கு மூணை அப்படியே பக்கவாட்டில் இழுத்து நிரப்பிவிடுகிறார்கள். முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். 1952 'பராசக்தி'யில் கன்னம் ஒட்டி ஒல்லியாக நிற்கிற 24 வயசு சிவாஜி, டிவியில் பூசணிக்காய் மாதிரி வருகிறார். ஒரு தலைமுறையே அவர் அப்படித்தான் இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "55 இன்ச்சுக்குக் காசு குடுத்திருக்கோம்ல, முழுசா தெரியவேணாமா?" சரி, தலைவாழை இலை போட்டால் விளிம்புவரைக்கும் சோற்றைப் பரப்பச் சொல்லி யாராவது பந்தியில் சண்டை போடுகிறார்களா?

இதைவிடக் கொடுமை போன். ஓசூர் கம்பெனிக்குப் போகிற நண்பன் ஒருத்தன், நான் சொன்னேன் என்பதற்காக 'மம்மி' பார்த்தான் (எகிப்துப் பிணம் எழுந்து வருகிற படம் இல்லை, 2014-ல் சேவியர் டோலன் எடுத்த கனடா நாட்டுப் படம்). அந்தப் படமே சதுரம். நீளமும் அகலமும் ஒன்று. கதையில் வருகிற பையனும் அவன் அம்மாவும் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் மூச்சு முட்டிக்கொண்டு கிடப்பார்கள். பாதிப் படத்துக்கு மேலே போனதும், ஒரு நல்ல நாளில், அந்தப் பையன் பலகையில் சறுக்கிக்கொண்டே வந்து, இரண்டு கையாலும் சதுரத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தள்ளுவான். திரை அப்படியே விரியும். நமக்கு நெஞ்சு விரியும். அப்புறம் கெட்ட செய்தி ஒன்று வந்து மறுபடி சுருங்கும். நம்ம ஆள் பஸ்ஸில் உட்கார்ந்து முதல் நிமிஷத்திலேயே ரெண்டு விரலால் விரித்துவிட்டிருக்கிறான். "கையால தள்ற சீனா? அப்படி ஒண்ணும் வரலையே மச்சி" என்கிறான்.

'ஈடா' பற்றிப் பேசவே பயமாக இருக்கிறது. 2013-ல் வந்த போலந்துப் படம், கறுப்பு வெள்ளை, பிறமொழிப் படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. அதில் முகங்களைக் கட்டத்தின் அடியோரத்தில் வைத்து, தலைக்குமேல் வெறும் சுவரையும் வானத்தையும் விட்டிருப்பார் டைரக்டர் பாவ்லிகோவ்ஸ்கி. அந்தக் காலி இடம்தான் படமே. ஜூம் போட்டால் கதாநாயகிக்குத் தாடை இருக்காது.

இது போதாதென்று, டிவி மாட்ட வந்த பையன் தானாகவே ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருந்தான். சினிமா என்பது நொடிக்கு 24 படம். டிவி தன் இஷ்டத்துக்கு இடையிடையே இல்லாத படங்களைத் தயாரித்துச் சொருகும் ஒரு வசதி இருக்கிறது. அதை ஆன் செய்தால் எந்தப் படமும் மாமியார் மருமகள் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடும். 2018 டிசம்பரில் டாம் குரூஸே வீடியோ போட்டு, தயவுசெய்து அதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். விமானத்தில் தொங்கின மனுஷன் சொல்லியே கேட்காதவர்கள் நான் சொல்லியா கேட்கப்போகிறார்கள்?

நேற்று மாமா பாலக்கோட்டிலிருந்து போன் பண்ணினார். புது டிவி ஒரு வாரமாகக் கலர் மங்கிப்போய், படம் "ஒரு மாதிரி" ஓடுகிறதாம், பழைய பாட்டு போட்டால் ரெண்டு பக்கமும் கறுப்பு வருகிறதாம், வாரண்டி இருக்கிறதா என்று கேட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம். அவர் கறி வாங்கக் கடைக்குப் போன அரைமணி நேரம் ரிமோட் என் கையில்தான் இருந்தது. "கடைக்காரனக் கேட்டுப் பாருங்க மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.