அந்த 18 விநாடிக்கு அப்புறம் நடந்தது

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாடு-கேரள எல்லையோர ஊர்களில் ஒரு வாட்ஸ்அப் குழு விடாமல் சுற்றிவிட்டு, நேற்று என் சொந்த அத்தையின் போனிலிருந்தே எனக்கு வந்து சேர்ந்தது அந்த வீடியோ. கீழே சிரிப்பு முகங்கள். கோவில் கச்சேரி ஒன்றில் எங்கள் இசைக்குழுவின் பாடகி தப்பு விட்டதைக் காட்டுகிற வீடியோ அது. அந்த மேடையில் பேஸ் கிடார் வாசித்தவன் நான். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

வீடியோ 18 விநாடி. நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடுகிற அந்தப் பாடகி இரண்டாவது சரணத்தை முன்கூட்டியே எடுக்கிறாள். குழல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் மோதுகிறது. அவள் முகம் ஒரு கணம் மாறுகிறது. அவ்வளவுதான், வீடியோ முடிந்தது.

வெட்டின இடத்தைப் பாருங்கள். எடுத்தவரிடம் முழுப் பாட்டும் இருந்திருக்கும், ஏனென்றால் அவர் முன்வரிசையில் கடைசி வரை போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். இருந்தும் சரியாக அந்த முகம் வரைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டார். அந்த மிச்சத்தில்தான் கச்சேரி இருந்தது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். அந்தப் பாட்டின் இரண்டாவது இடையிசை 16 பார், அதாவது 16 தாளச் சுற்று. முதல் பாதி வயலின், பின் பாதி குழல். கடைசி நாலு பாரில் குழல் படிப்படியாக இறங்கி வரும், அதுதான் பாடுகிறவருக்கு அடையாளம். அந்த நேரம் பார்த்துக் கோவிலுக்குப் பின்னால் கதினா என்கிற கோவில் வெடியை வெடித்தார்கள். மேடைப் பலகையே அதிர்ந்தது. அவளுக்கு இருந்ததோ ஒரே ஒரு மானிட்டர் (பாடுகிறவர் கேட்பதற்காக மேடையில் வைக்கிற ஸ்பீக்கர்), அதிலும் தபேலாதான் தூக்கலாகக் கேட்டது. பன்னிரண்டாவது பார் முடிந்ததும் எடுத்துவிட்டாள். நாலு பார் முன்னால்.

இனி வீடியோவில் இல்லாதது. தபேலாச் சேட்டன் ஒரு உருட்டு உருட்டி, அவள் எடுத்த இடத்தையே சமமாக்கினார். நான் இடையிசையை விட்டுவிட்டுச் சரணத்தின் ஆதார ஸ்வரத்துக்குப் போனேன். கீபோர்டில் குழலை வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் அதைப் பாதியில் விட்டு ஸ்ட்ரிங்ஸில், அதாவது வயலின் கூட்டத்தின் ஒலியில், வந்து உட்கார்ந்தார். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சரணத்தின் இரண்டாவது வரி வரும்போது எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தோம். அண்ணன் அத்தோடு விடவில்லை. விட்டுப்போன அந்த நாலு பார் குழலை, சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் எடுத்து வாசித்தார். பாட்டின் அசல் ஒலிப்பதிவில் அந்த இடத்தில் குழலே கிடையாது. அன்றைக்கு இருந்தது, அவ்வளவு பொருத்தமாக இருந்தது. தங்கச்சி திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஜனம் கைதட்டியது. கைதட்டியவர்களில் சிலர்தான் மறுநாள் இந்த வீடியோவை அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மேடையில் எங்களுக்கு ஒரே சட்டம்: பாடுகிறவர் எங்கே இருக்கிறாரோ, அதுதான் பாட்டு இருக்கிற இடம். அவர் நாலு பார் முன்னால் போனால் நாமும் போக வேண்டும். சரணத்தை விட்டுவிட்டுப் பல்லவிக்கு வந்தால் நாமும் பல்லவிக்கு. தலையைத் தொட்டுக் காட்டினால் முதலிலிருந்து, முஷ்டியை மூடினால் முடிப்பு. தாளம் மட்டும் எதற்காகவும் நிற்காது, தாளம் நின்றால்தான் கீழே இருப்பவருக்குத் தெரியும். அடுத்தது, முகத்தைக் காட்டக் கூடாது. தப்பு விட்டவரைத் திரும்பி முறைக்கிற ஒரு வாத்தியக்காரர் போதும், மொத்தக் குழுவும் கெட்டுப்போகும். எங்கள் குழுவில் அன்று ஒருவர்கூட அவளை முறைக்கவில்லை. முறைத்தது எல்லாம் போன் திரைக்குப் பின்னால் இருந்தவர்கள்.

"ரிகர்சல் பார்க்காமல் மேடை ஏறினால் இப்படித்தான்" என்று ஒருவர். ஐயா, ரிகர்சலில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று வந்து பாருங்கள். பாட்டைச் சரியாக வாசிக்க மட்டுமா பழகுகிறோம்? வேண்டுமென்றே பாட்டை உடைத்தும் பழகுகிறோம். ஒருவர் சொல்லாமல் ஒரு வரியை விழுங்குவார், ஒருவர் தாளத்தை நிறுத்துவார், மற்றவர்கள் பிடிக்க வேண்டும். அப்படிப் பழகாதவர்களால் அன்று இரண்டாவது வரியில் ஒன்றுசேர்ந்திருக்க முடியாது.

"காசு வாங்குகிறீர்கள், அப்போது தப்பு வரக் கூடாது" என்று இன்னொருவர். வாங்குகிறோம்தான். அதில் வேன் வாடகை, சவுண்டு, சாப்பாடு போக ஆளுக்கு எவ்வளவு நிற்கிறது என்று கேட்டால் சொல்கிறேன். 2022 மே மாதம் ஆலப்புழையில் மலையாள மேடைப் பாடகர் எடவா பஷீர் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார். எழுபதைத் தாண்டிய வயதிலும் மைக்கைப் பிடித்து நின்றாரே, அது காசுக்காக மட்டும் என்று யாராவது சொல்வீர்களா?

தப்பு விடுவதையே வழக்கமாக வைத்திருக்கிற குழுக்களும் உண்டு, அவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

பெரிய பெரிய ஆட்களுக்கு நடந்திருக்கிறது. 2016 டிசம்பர் 10, ஸ்டாக்ஹோமில் நோபல் விழா. பரிசு பெற்ற அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் வரவில்லை, அவருக்காகப் பாடகி பாட்டி ஸ்மித் (Patti Smith) பாடினார். எதிரே ஸ்வீடன் ராஜா, ராணி. பாதியில் வரி மறந்துபோய் நின்றுவிட்டார். மன்னியுங்கள், பதற்றமாக இருக்கிறது என்று சொல்லி, அந்தப் பகுதியைத் திரும்ப எடுத்துப் பாடினார். சபை கைதட்டியது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடை அது. அங்கே கிடைத்த அந்தக் கைதட்டு, எங்கள் எல்லையோரத்துப் பெண்ணுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

பியானோ வாசிக்கிற ஹெர்பி ஹான்காக் ஒரு சம்பவத்தைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1960களில் ஸ்டுட்கார்ட்டில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவோடு வாசிக்கும்போது, மைல்ஸின் தனி வாசிப்புக்கு நடுவில் இவர் முற்றிலும் தவறான கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) ஒன்றை அழுத்திவிட்டார். மைல்ஸ் ஒரு கணம் நின்று, அந்தக் கார்டையே சரியாக்குகிற ஸ்வரங்களை எடுத்து வாசித்தாராம். எங்கள் கீபோர்டு அண்ணன் செய்ததும் அதே வேலைதான். உடனே "அவரும் இவரும் ஒன்றா" என்று சண்டைக்கு வராதீர்கள். ஆள் வேறு, செய்த வேலை ஒன்று.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் கற்கவில்லை. குழுவில் சேர்ந்த புதிதில், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு பூச்சாட்டு நோன்பில் பாட்டுக்கு நடுவே கரண்ட் போனது. கீபோர்டு செத்தது, கிடார் செத்தது, மைக் செத்தது. மிஞ்சியது தபேலாவும், எங்கள் மூத்த பாடகர் மாமாவின் தொண்டையும். அவர் நிறுத்தவே இல்லை. மேடை விளிம்புக்கு வந்து, கையைத் தூக்கி ஜனத்தையும் பாட வைத்துக்கொண்டே இருந்தார். ஜெனரேட்டர் ஓடி வெளிச்சம் வந்தபோதுதான் உண்மையான ஆபத்து. கீபோர்டு அணைந்து எழுந்தால் டிரான்ஸ்போஸ், அதாவது சுருதியை ஏற்றி இறக்குகிற எண், பூஜ்யத்துக்குப் போய்விடும். மாமாவும் சுருதி கேட்காமல் பாடியதில், இரண்டு கட்டையில் இருந்த பாட்டு ஒன்றரைக்கு இறங்கியிருந்தது. பழைய எண்ணைப் போட்டு அழுத்தியிருந்தால் ஊரே காதைப் பொத்தியிருக்கும். அண்ணன் ஸ்பீக்கருக்குப் போகிற சத்தத்தை மட்டும் நிறுத்தி, ஹெட்போனை மாட்டி, மாமா எந்தக் கட்டையில் நிற்கிறார் என்று தொட்டுப் பார்த்தார். எனக்கு ஒரு விரலும் அரை விரலும் காட்டினார். அடுத்த பல்லவியில் ஒன்றரைக் கட்டையில் எல்லா வாத்தியமும் சேர்ந்து இறங்கினோம். ஜனம் எழுந்து நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு யாராவது இருட்டில் இறங்கிப்போன சுருதியை மட்டும் 18 விநாடி வெட்டி அனுப்பியிருந்தால், மாமா அப்புறம் மேடை ஏறியிருப்பாரா?

இதையெல்லாம்விட என்னைக் குத்தியது வேறு. மலையாளக் குழு ஒன்றில் "தமிழச்சிக்கு எதற்கு மலையாளப் பாட்டு" என்று எழுதியிருந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துக் குழுவில் "கேரளா டீம் என்றால் இப்படித்தான்" என்று எழுதியிருந்தார்கள். அவள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த பெண். இரண்டு மொழிப் பாட்டையும் ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஒரே ராத்திரியில் இரண்டு பக்கமும் சேர்ந்து அவளை வேண்டாம் என்று தள்ளிவிட்டது. எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி எங்களுக்குப் பக்கத்து ஊர். பாலக்காட்டு மண்ணில் பிறந்தவர் போட்ட மெட்டைத் தமிழ்நாடு முழுதும் தன்னுடையதாகப் பாடியது. அந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெண்ணிடம் நீ எந்தப் பக்கம் என்று கேட்கிறீர்கள்.

"இவ்வளவு உணர்ச்சிவசப்பட வேண்டுமா, சும்மா வேடிக்கைக்கு அனுப்பியதுதானே" என்று என் நண்பனே கேட்டான். வேடிக்கையின் விலை என்ன தெரியுமா? அடுத்த மாதம் நாங்கள் வாசிக்க வேண்டிய ஒரு திருவிழாக் கமிட்டியிலிருந்து நேற்று போன் வந்தது. வீடியோ பார்த்தார்களாம். "தம்பி, இந்தத் தடவை வாத்தியம் எல்லாம் வேண்டாம், ட்ராக் போட்டுப் பாட வையுங்கள், தப்பு வராது பாருங்கள், செலவும் குறையும்" என்றார் பெரியவர். ட்ராக் என்றால் முன்பே பதிவு செய்துவைத்த பின்னணி இசை. தபேலாச் சேட்டனுக்கு வேலையில்லை, அண்ணனுக்கு வேலையில்லை, எனக்கு வேலையில்லை.

பெரியவருக்கு நான் மரியாதையோடு சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். ட்ராக் யாருக்காகவும் நிற்காது. அவள் நாலு பார் முன்னால் எடுத்தால் ட்ராக் அவள் பின்னால் வராது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சரணம் முடிகிற வரைக்கும் அவள் தனியாக நின்று தவிக்க வேண்டியதுதான். கரண்ட் போனால் அத்தோடு பாட்டும் போச்சு. தப்பு வந்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால், ஆள்தான் வர வேண்டும்.

நாங்கள் ட்ராக் கொண்டுவர மாட்டோம். வந்தால் எல்லோரும் வாத்தியத்தோடு வருவோம், தங்கச்சியும் வருவாள், அந்தப் பாட்டும் பட்டியலில் இருக்கும். கமிட்டி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறது.