ஏஐ மட்டும் காரணமில்லை

2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது ஏஐ பயத்தால்தான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது பாதிதான். பெரிய அடி விழுந்தது மறு ஒளிபரப்புக் காசில். டிவியில் தொடர் திரும்ப ஓடினால் எழுதியவர் வீட்டுக்குக் காசோலை வரும். வேலையில்லாத மாதங்களில் பலருக்கு அதுதான் வாடகை. ஓடிடி வந்ததும் அந்தக் காசு சுருங்கிப்போனது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கையே கம்பெனிகள் காட்டவில்லை, அப்புறம் எங்கே பேரம் பேசுவது? கடைசியில் அந்தக் கணக்கை எழுத்தாளர் சங்கத்துக்குக் காட்ட ஒப்புக்கொண்டார்கள். சரி, கட்டுரை ஒன்றை விட்டுவிட்டதே: ஜூலை வெயிலில் யுனிவர்சல் ஸ்டுடியோ வாசலில் மறியல் செய்தவர்களுக்கு நிழல் தந்த மரங்களை ஸ்டுடியோக்காரர்கள் அனுமதி வாங்காமல் மொட்டையடித்தார்கள். வழக்கமான பராமரிப்பாம்! அபராதம் வெறும் 250 டாலர்.