மாத்திரை கொடுத்தவர் தளபதி இல்லையாம்

சரி, மாத்திரை கொடுத்தவரெல்லாம் தளபதி இல்லைதான். நேற்று இங்கே ஒருவர் போட்ட பட்டியலின் கீழ் நடந்ததைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். உலகின் தலைசிறந்த பத்துத் தளபதிகள், முதலிடம் நெப்போலியன். நான் கருத்தில் வில்லியம் ஸ்லிம் பெயரைப் போட்டேன், இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் ஜப்பானியரோடு மோதிய பிரிட்டிஷ் தளபதி. அதுதான் குற்றம், "மாத்திரை கொடுத்தவரெல்லாம் தளபதியா?" என்று பாய்ந்துவிட்டார்கள்.

ஸ்லிம் 1943-ல் பதினான்காவது படைக்குப் பொறுப்பேற்றவர். அந்த வருடம் பர்மா முனையிலிருந்து காயத்தோடு வந்தவர் ஒருவர் என்றால், நோயோடு வந்தவர்கள் 120 பேர் என்று அவரே எழுதியிருக்கிறார். மெபக்ரின் என்று மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். தின்றால் ஆண்மை போய்விடும் என்று வதந்தி, துப்பிவிடுவார்கள். ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்தார். நூற்றுக்கு 95 பேர் உடம்பிலாவது மருந்து இருந்தாக வேண்டும், குறைந்தால் அந்தப் பிரிவின் அதிகாரிக்கு வேலை போச்சு. மூன்று பேரை அனுப்பினார், மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம்தான் 1944-ல் ஜப்பானியரைத் தோற்கடித்த இம்பால், கொஹிமா சண்டைகள். எழுந்து நிற்கத் தெம்புள்ள ஆட்கள் இருந்தால்தானே ஐயா வியூகம்?

"வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறாய்" என்கிறார் ஒருவர். நெப்போலியனுக்குச் சொந்த ஊர் காரைக்குடியா? ஸ்லிம் படையில் பெரும்பாலோர் இந்தியர்கள். இம்பாலில் எதிரே நேதாஜியின் படையும் இருந்ததே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நெப்போலியனுக்கு 1805-ல் ஆஸ்டர்லிட்ஸ் சண்டை பெரிய வெற்றிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1812-ல் ரஷ்யாமேல் படையெடுத்தாரே, அது? "ரஷ்யக் குளிர் தோற்கடித்தது" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையே ஒப்பிக்கிறீர்கள். மாஸ்கோவைத் தொடுமுன்பே, கோடையிலேயே, பசியும் டைபஸ் காய்ச்சலும் பல்லாயிரம் பேரைத் தின்றாயிற்று. டிசம்பரில் மிச்சமிருந்தவர்களைப் பனியில் விட்டுவிட்டு அவர் மட்டும் பாரிஸுக்குக் கிளம்பினார். 1799-ல் எகிப்திலும் அதே கதை. படை வயிற்றால்தான் நடக்கும் என்று அவர் சொன்னதாக வேறு மேற்கோள் போடுகிறீர்கள்!

சோறு போட்டவன், மருந்து கொடுத்தவன், ஆளைத் திருப்பிக் கூட்டி வந்தவன். எனக்கு அவன்தான் தளபதி. வாளைத் தூக்கிக் குதிரைமேல் நிற்கிற ஓவியம் இல்லாவிட்டால் உங்களுக்கு ஆள் கண்ணிலேயே படாது போலிருக்கிறது.

என் அப்பா பட்டாளத்தில் லங்கர் சமையல்காரர், லங்கர் என்றால் ஜவான்களுக்குச் சமைக்கிற இடம். லடாக்கில் அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், பருப்பு மட்டும் வேகாது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குக்கரோடு மல்லுக்கட்டினால்தான் காவலுக்குப் போகிறவர்களுக்குச் சூடாக ஏதாவது கிடைக்கும். லீவில் வந்திருந்தபோது ஒரு கல்யாண வீட்டில், "எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?" என்று கேட்டார்கள். "சுட்டதெல்லாம் சப்பாத்திதான் மாப்ளே" என்றார். பந்தியே சிரித்தது, அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் பட்டாளக் கதையை அவர் எடுத்ததில்லை. இன்று ஆகஸ்ட் 15 வந்தால் படத்தை மாற்றிக்கொண்டு தேசபக்தி பேசுகிறவர்களில் அந்தப் பந்தியில் சிரித்தவர்களும் உண்டு. யாரென்று அவர்களுக்கே தெரியும்.

உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். ஆமாம், படுகிறேன்.

"லங்கர்காரன் மகன் யுத்தம் பேச வந்துட்டான்" என்ற கருத்தை நான் அழிக்கவில்லை. எழுதியவர் என்னோடு பள்ளியில் படித்தவர். எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, அப்பா சுட்டுப்போட்ட சப்பாத்தியைத் தின்றவர்.