மெமரி ஸ்லைடரை தள்ளுனா கார்டு 4 ஜிபி ஆகாதுங்க

சேலம் பசங்க குரூப்புகள்ல ஒரு ஃபார்வர்ட் சுத்திட்டிருக்கு, கார்டோட வேகத்தை மாத்துற ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரை போட்டு, அதுல மெமரி கிளாக் ஸ்லைடரை ஃபுல்லா தள்ளுனா பழைய 1 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு 4 ஜிபி ஆயிடும்னு, கூடவே ஒரு ஜிப் ஃபைல் வேற. தப்புங்க. அந்த ஸ்லைடர் மாத்துறது மெமரி ஓடுற வேகத்தை மட்டும்தான், அளவு போர்டுல சால்டர் பண்ணிருக்குற சிப்போட முடிஞ்சுபோச்சு.

சந்தேகம்னா டெக்பவர்அப் சைட்ல கார்டோட விவரத்தை காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேர் ஃப்ரீயா கிடைக்குது, ஸ்லைடரை தொடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதுல மெமரி சைஸ் பாருங்க, அசையாது. செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்களுக்கும் அது உதவும், ஜிடிஎஸ் 450 மாதிரி 2010 கார்டுல பயாஸ, அதாவது கார்டுக்குள்ள இருக்குற அடிப்படை சாஃப்ட்வேரை மாத்தி, அதைவிட புது கார்டான 1050 டிஐன்னு தள்ளிவிடுறாங்க, 2018-ல இருந்து ஜிபியு-இசட் அப்படிப்பட்ட என்விடியா போலிகளை பேருக்கு முன்னாடி 'ஃபேக்'னு போட்டே காட்டிடுது.

ஃபுல்லா தள்ளுனா ஸ்க்ரீன்ல புள்ளி புள்ளியா வரும், டிரைவர் கிராஷ் ஆகும், அதுவும் ஏற்காட்டுல இல்ல, நம்ம அஞ்சு ரோடு ஏப்ரல் வெயில்ல, சூட்டை கடத்துற பேஸ்ட் காஞ்சுபோன கார்டு என்னத்துக்கு ஆகும். ஆஃப்டர்பர்னர் வேணும்னா எம்எஸ்ஐ சைட்லயே எடுத்துக்கங்க, அந்த ஜிப்ப தொடாதீங்க, மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீங்க.